செத்த நில்லுங்க

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நோயாளியின் பாதுகாப்பு பற்றி எல்லோருக்கும் ஒரே வகுப்பாக நடத்தலாம் என்று நான்தான் நிர்வாகத்திடம் கேட்டேன். டாக்டர்கள் வரமாட்டார்கள் என்றார்கள். வருவார்கள் என்றேன். வந்தார்கள்.

முதல் நாள் பாடம் எதுவும் எடுக்கவில்லை. நானே கட்டிலில் நோயாளியாகப் படுத்துக்கொண்டு, வார்டில் செய்வதைச் செய்யச் சொன்னேன். டாக்டர் பிரஷர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். மருந்தாளுநர் எடுத்துத் தந்தார். நர்ஸ் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து பிசியோதெரபிஸ்ட் வந்து, நடக்கலாம் வாங்க என்று எழுப்பி நிறுத்தினார். பிரஷர் சட்டென்று இறங்கித் தலைசுற்றியதுபோல நான் சரிந்தேன். யார்மேல் தப்பு என்று கேட்டேன். அவரவர் வேலையைச் சரியாகச் செய்ததாகச் சொன்னார்கள். உண்மைதான். மாத்திரை கூடியதை நடக்கவைக்க வருபவரிடம் சொல்வது யாருடைய வேலையாகவும் இல்லை. அன்று முழுக்க அதைத்தான் பேசினோம்.

சந்தேகம் வந்தால் யாரும் யாரையும் நிறுத்தலாம் என்று கடைசியில் முடிவானது. அதற்கு, அவசரத்திலும் தானாக வாயில் வருகிற சொல் வேண்டும் என்றேன். "செத்த நில்லுங்க" என்று வைத்துக்கொண்டோம். சென்னையிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர், ஆஸ்பத்திரியில் போய் 'செத்த' என்பதா என்று தயங்கினார். இங்கே அதற்குக் கொஞ்ச நேரம் என்று அர்த்தம் என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரமே அதற்கு வேலை வந்தது. அய்யலூர்ப் பக்கத்து ஆட்டு வியாபாரி ஒருவருக்கு வலது காலில் ஆபரேஷன். செய்யப்போகிறவர் எங்கள் மூத்த எலும்பு டாக்டர். அதிகம் பேசாதவர், வகுப்பிலும் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தியேட்டர் வாசலில் நானும் நின்றிருந்தேன். வேலைக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் பெண் ஒருத்தி, ஸ்ட்ரெச்சரில் வந்த வியாபாரியின் இடது காலில் கட்டு இருப்பதைப் பார்த்தாள்.

"செத்த நில்லுங்க சார்" என்றாள்.

ஸ்ட்ரெச்சர் நின்றது. டாக்டர் எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்தார். பிறகு நோயாளியிடமே எந்தக் கால் என்று கேட்டார்.

"முறிஞ்சது வலதுங்கய்யா. இடதுல கெடா முட்டுன காயம்."

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் ஒரு சுடுசொல் சொன்னால் போதும், இனி அங்கே யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர் எக்ஸ்ரேயைத் திருப்பிக் கொடுத்தார்.

"சந்தேகம் வந்துச்சு, கேட்டீங்க. நாளைக்கும் இப்படியே நிறுத்துங்க சிஸ்டர்."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் இந்தப் பேச்சு கேன்டீன்வரை போய்விட்டது. அதற்கப்புறம் மருந்தாளுநர் நிறுத்தினார், லேப் பெண் நிறுத்தினாள். பல தடவை தப்பு ஒன்றும் இருக்காது. ஒரு தடவை, ஒரே பெயருள்ள இருவருக்கு ஊசி மருந்து மாறிப்போக இருந்தது தடுக்கப்பட்டது. ஆட்டு வியாபாரி வாக்கரைப் பிடித்து நடந்து ஊருக்குப் போனார். தன்னிடம் புதிதாகச் சேரும் டாக்டர்களை அந்த மூத்த டாக்டரே இப்போது என் வகுப்புக்கு அனுப்புகிறார். நான் போய்க் கூப்பிட வேண்டியதில்லை.