ஒரே துணியில்

ராஜபாளையத்து ஜவுளிக்கடையில் கிறிஸ்துமஸ் தள்ளுபடி. விற்கிற பெண் ஒரு கட்டம்போட்ட சட்டையை உதறி விரித்ததும் புதுத்துணியின் கஞ்சி வாசனை முகத்தில் அடித்தது.

சின்ன வயதில் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் துணி எடுப்பது தீபாவளி முடிந்த பிறகுதான். விற்காமல் மீந்ததைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று மில்லில் வேலை பார்த்த அப்பா காத்திருப்பார். அப்புறம் எங்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போவார். ஒரு வருடம் பச்சைக் கட்டம்போட்ட துணி மொத்தமாகக் கிடைத்தது. எனக்கும் தம்பிக்கும் அப்பாவுக்கும் சட்டை, அக்காவுக்குப் பாவாடை. மிச்சத்தில் அம்மா தலையணை உறை தைத்துவிட்டாள். தலையணையும் நானும் ஒரே துணியில்!

கிறிஸ்துமஸ் காலையில் வெட்கம் தாங்காமல் ஆலயத்தின் கடைசி வரிசைக்கு நழுவிவிட்டேன். ஆராதனை முடிந்ததும் அப்பா நேராக என்னிடம் வந்து தோளைப் பிடித்தார்.

"ஏலே, இந்தத் துணியப் போட்டுக்கிட்டு எம்புட்டுக் கூட்டத்துல ஒளிஞ்சாலும் கண்டுபிடிச்சிருவேம்லா!"

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அக்கா பெங்களூரில், தம்பி துபாயில். வீட்டில் நான் மட்டும்.

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ சார். இன்னொண்ணு யாருக்கு? சைஸ் சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண்.

"எனக்கே குடும்மா. இதே துணியில, இதே சைஸு."

"ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு சார்?"

"கூட்டத்துல தொலைஞ்சா கண்டுபிடிக்க லேசா இருக்கும்லா."

அவள் சிரித்துக்கொண்டே பில் போடப் போனாள். யார் தேடி வருவார்கள் என்று கேட்கவில்லை.