சீனப் படத்துக்கு ஒலித்த மேசை மணி

கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற ஒரு பித்தளை மணி. உச்சியிலிருக்கும் குமிழை உள்ளங்கையால் தட்டினால் 'டிங்' என்று ஒலிக்கும். நான் கடைநிலை ஊழியனாகப் பணியாற்றிய திருவண்ணாமலைக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் அத்தகைய மணியை வைத்துக்கொள்ளும் உரிமை முதல்வருக்கும் கண்காணிப்பாளருக்கும் மட்டுமே உண்டு. எழுத்தர்கள் எங்களை வாய்விட்டுத்தான் அழைக்க வேண்டும். கண்காணிப்பாளர் ஓய்வுபெற்றதும் அவரது மணி பீரோவுக்குள் சென்றுவிட்டது. அந்த நாற்காலிக்கு அடுத்து உரியவர் எழுத்தரம்மா. கீழ்பென்னாத்தூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவர். அவரது பதவி உயர்வுக்கான கோப்பு சென்னைக்குச் சென்றிருந்தது. ஆணைக்காக அலுவலகமே காத்திருந்தது. மணி பீரோவை விட்டு வெளியே வந்ததோ, ஆணை வருவதற்கு முன்பே, ஒரு சீனப் படத்திற்காக.

எண்பதுகளின் தொடக்கம் அது. வட ஆற்காடு மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் நக்சலைட்டுகளைப் பிடிக்கக் காவல்துறையின் தேடுதல் நடந்துகொண்டிருந்தது. கல்லூரி மாணவர் நால்வர் டீக்கடையில் சேர்ந்து நின்றாலே யாரோ ஒருவர் அருகில் வந்து காது கொடுப்பார். 'சீனா' என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில் உச்சரித்த நாட்கள். இவை எதையும் பொருட்படுத்தாமல் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் திரைப்பட மன்றத்திற்காகச் சென்னையிலிருந்து ஒரு படப்பெட்டியைத் தருவித்துவிட்டார். சீனத்து நகரமொன்றில் நகலெடுப்பவளாக அலுவலகத்தில் சேரும் ஒரு பெண், படிப்படியாக மேலேறி வரும் கதை. அரசியல் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். எனினும் அறிவிப்புப் பலகையில் 'சீனத் திரைப்படம்' என்று எழுதிய என் கை, எழுதும்போதே தயங்கியது.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் படிக்கக் கிராமத்து மாணவர்களுக்கு இயலாது. ஆகையால் ஒருவர் ஒலிபெருக்கியில் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அவர் பேசும்போது குமிழைத் திருகிப் படத்தின் ஒலியைக் குறைப்பதும், முடித்ததும் கூட்டுவதும் படக்கருவியை இயக்கும் என் வேலை.

படம் காட்டும் நாளன்று காலையில் மஃப்டியில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி. காலிலோ காவலருக்கு அரசு வழங்கும் பழுப்புக் காலணி. பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"சீனாக்காரன் படமாமே? இன்னா சொல்றான் அதுல? மைக்ல யாருய்யா பேசப் போறது?"

இந்தக் கேள்வி ஆசிரியர் அறையை எட்டியது. மதியத்திற்குள், கதை சொல்லவிருந்த பேராசிரியருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. நிறுத்தினால் பயந்து நிறுத்தியதாக எழுதுவார்கள் என்று அஞ்சிய முதல்வர், எழுத்தரம்மாவை அழைத்தார்.

"கதைச் சுருக்கத்த ஸ்டென்சில்ல அடிச்சது நீங்கதானம்மா? உங்களுக்குத்தான் கதை தெரியும். நீங்களே சொல்லிடுங்க." அவ்வளவுதான், வேலூரில் கூட்டம் என்று புறப்பட்டுவிட்டார்.

"வேணாம்மா," என்றேன் நான். "ஆர்டர் வர்ற நேரம். உங்க பேரு அவன் ரிப்போர்ட்ல ஏறிடுச்சின்னா எல்லாம் போச்சி."

"மாட்டேன்னு சொன்னா மட்டும்? முதல்வர் பேச்சக் கேக்கலன்னு அது ஒரு குறிப்பாயிடும் அண்ணா." பீரோவைத் திறந்து மணியை எடுத்தார். "ஒரு தரம் அடிச்சா சத்தத்த கம்மி பண்ணுங்க. மறுபடி அடிச்சா ஏத்துங்க." தமக்கு இன்னும் உரிமையாகாத பொருளை அவர் கையில் கண்டபோது, அதுவே ஒரு குற்றமாகிவிடுமோ என்று நினைத்தேன்.

பங்குனி வெயில். கூடத்தின் சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். காலையில் வந்தவர் முன்வரிசையின் ஓரத்தில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார். கருவியிலிருந்து கசியும் ஒளியில் அந்தப் பழுப்புக் காலணி ஆடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை, காலணியைப் பார்த்தேன். எழுத்தரம்மா மணியடித்து, ஏடு போன்ற தமிழில் கதையை எடுத்துரைத்தார். 'இப்பெண்மணி தமது உழைப்பால் மேலதிகாரியின் நன்மதிப்பைப் பெறுகிறார்.' காலணி சீராக ஆடியது.

பிறகு ஒரு காட்சி வந்தது. நீண்ட மேசையைச் சுற்றி அதிகாரிகள். அவள்முன் ஒரு தாள். உடன் பணிபுரிபவன் குற்றவாளி என்று அவள் கையொப்பமிட்டால் பதவி உயர்வு. மணி ஒலித்தது. ஒலியைக் குறைத்தேன். ஆனால் எழுத்தரம்மா பேசவில்லை. கருவியின் தடதடப்பைத் தவிர வேறு ஓசையில்லை. காலணி நின்றுவிட்டது. 'கையொப்பமிட்டாள் என்று சொல்லிவிடுங்கள் அம்மா, யாருக்குத் தெரியப்போகிறது' என்று என் உள்ளம் மன்றாடியது. அப்போது ஒலிபெருக்கியில், ஏட்டுத் தமிழை விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் அவர் சொன்னார்: "அவ கையெழுத்து போடல."

மறுமுறை மணி ஒலிக்கவில்லை. அந்த ரீல் முடியும்வரை, திரையிலிருந்தவர்கள் ஓசையின்றி வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். கருவியின் ஒலிக்குமிழ்மீதே என் விரல்கள் காத்திருந்தன. கடைசி ரீலை நான் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் முன்வரிசை நாற்காலி காலியாகிவிட்டது.

படம் முடிந்து, ரீல்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் திரும்பி வந்தார்.

"போன் பண்ண பூட்டேன்யா. கடைசில அந்தம்மாவுக்குப் பிரமோஷன் கெடைச்சிதா, இல்லியா?"

கிடைத்தது என்றால், எதிர்த்தவளுக்குப் பரிசு தரும் படம் என்று எழுதுவார். இல்லை என்றால், அதிகாரிகளைப் பழிக்கும் படம் என்று எழுதுவார். "ரீல் மாட்டிக்கினு இருந்தேங்க, நானும் பாக்கல," என்று உளறினேன்.

"கெடைக்கலைங்க," என்றார் எழுத்தரம்மா, என் பின்னாலிருந்து.

அவர் எழுத்தரம்மாவை உற்றுப் பார்த்தார். "அதான பாத்தேன். நானும் பிரமோஷன் இல்லாம ஏட்டாவே காலத்த ஓட்டிக்கினு கீறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அனுதாபமா, எச்சரிக்கையா? அன்று விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

அதன்பின் அஞ்சல்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அலுவலகத்தில் தட்டச்சு ஓசை நின்றுவிடும். ஒருநாள் ஆணை வந்தது. பதவி உயர்வு உண்டு. ஆனால் பணியிடம் இராமநாதபுரம் பக்கம். அறிக்கையின் விளைவென்றார் ஒருவர். வழக்கமான மாற்றமென்றார் மற்றவர். பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளைக் கீழ்பென்னாத்தூரில் விட்டுவிட்டு, ஊர் பேர் தெரியாத இடத்துக்கு அவர் போக வேண்டும். மறுத்தால் உயர்வும் போகும். அவர் மறுக்கவில்லை. விடைபெறும் நாளில் பீரோவைத் திறந்து அந்த மணியை ஒருமுறை தட்டினார். "அன்னிக்கு அடிக்க மறந்துட்டேன் அண்ணா. சத்தத்த ஏத்திடுங்க," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்ற மாதம் ஓய்வூதிய வேலையாக வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். நாற்காலியில் இளம்பெண் ஒருவர், மேசைமீது மணி. எதற்காகவோ அவர் அதைத் தட்டினார். யாரும் பொருட்படுத்தவில்லை. என் வலக்கைமட்டும், பிடிக்கக் குமிழ் ஏதுமில்லாத வெறுங்காற்றில், மெல்ல வலப்புறம் திரும்பியது. ஒலியைக் கூட்டும் பக்கம்.