மலை மட்டும் தெரிகிற படம்

டேட்டிங் ஆப்பில் என் பெயர் மித்ரா. அது பொய்ப் பெயர். நம்பர் கொடுக்கவில்லை, முகமும் காட்டவில்லை. எங்கள் மொட்டை மாடியில் மலையைப் பார்த்து, முதுகு தெரிய நிற்கிற ஒரே ஒரு படம். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை உத்தமபாளையத்தில் வேலைக்கு பஸ் ஏறினேன். பின் சீட்டிலிருந்து ஒருவர் குனிந்து கேட்டார்.

"நீங்கதான மித்ரா?"

முன்பின் பார்த்திராத ஆள். அவர் போனில் என் முதுகு.

"இல்லைங்க" என்றேன்.

"படத்துல ஓரமா இருக்குற பச்சை டேங்கும் செல் டவரும் சேந்து தெரியுற மாடி உங்க தெருவுல ஒண்ணுதான். அங்கன இருந்து உங்க பின்னாடியேதான் வாரேன். அப்பா வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாக."

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"பயப்படாதீக. அப்பாட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் மெசேஜுக்குப் பதில் மட்டும் போடுங்க."

வழியில் சின்னமனூரிலேயே இறங்கிவிட்டேன். அவரோடு அந்த பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகு அப்பாவுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் நானே சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த ஆளை ஆப்பில் பிளாக் செய்துவிட்டேன். நாளைக்கும் எனக்கு அதே பஸ்தான். அதில் ஒருவரை எப்படி பிளாக் செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.