தாயைத் தள்ளிக் கட்டச் சொன்னேன்

நான் மாட்டு வைத்தியராக இருந்த காலத்தில், ஆசனவாய் இல்லாமல் பிறந்த கன்றுகள் எப்போதாவது என்னிடம் வரும். பால் குடிக்கும், ஆனால் சாணம் போக வழியிருக்காது. வயிறு உப்பி நாலைந்து நாளில் செத்துப்போகும். வாலடித் தோலைக் கீறி, குடலின் வாயை இழுத்துத் தோலோடு தைத்துவிட்டால் பிழைக்கும். அதற்குக் குடல் தோல் வரைக்கும் வந்திருக்க வேண்டும். கன்று முக்கும்போது வாலடி உப்பினால் வந்திருக்கிறது. உப்பாவிட்டால் குடல் உள்ளேயே எங்கோ நின்றுவிட்டது, கத்தியை எடுக்காதே என்று படித்திருந்தேன். அந்தப் படிப்பை வைத்து அடிவார ஊர்களில் மூன்று கன்றுகளைக் கைவிட்டிருந்தேன். வீணாக அறுத்து வதைக்காதவன் என்று எனக்கு என்மேலேயே மதிப்பு வேறு.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருடங்கள். மாடுகளைக் கூட்டமாகக் கொல்லும் வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போட, அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து மலையேறி, குண்டூர் நாடு என்ற மலையூர்ப் பகுதியில் தங்கியிருந்தேன். ஒரு நாள் காலையில் சாமை பயிரிடும் ஒரு வீட்டு அம்மாள் என்னைத் தேடி வந்தார்.

“ஏனுங்க, மாடு கன்னு போட்டு ரெண்டு நாளாச்சுங்க. கன்னுக்குச் சாணி போற வழியே இல்லீங்க.”

அவரோடு நடந்தேன். மாடு அவருடைய பிறந்த வீட்டிலிருந்து வந்ததாம். வழியெல்லாம் அதே பேச்சு.

“நாலு ஈத்தும் காளக் கன்னுங்க. இதுதான் மொதக் கெடேரி. மாட்டுக்குப் பல்லும் போச்சு, இனி ஈனாதுங்க. இதும் போச்சுன்னா எங்கம்மா ஊட்டு மாடுன்னு சொல்ல ஒண்ணுமே இல்லீங்க.”

பட்டிக்குள் நுழைந்ததும், “தாய் மாட்டைத் தள்ளிக் கட்டும்மா” என்றேன். எந்த வீட்டிலும் என் முதல் வார்த்தை அதுதான். ஈன்ற மாட்டின் கொம்புக்கு எனக்குப் பயம். அதைத் தொழில் ஒழுங்கு என்று சொல்லிக்கொள்வேன்.

மாட்டை வேலிக்கு அப்பால் பலா மரத்தில் கட்டினார். கன்றின் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். கன்று முக்கவே இல்லை, வாலடியும் தட்டையாகவே இருந்தது.

“பிழைக்காதும்மா. அறுத்தாலும் பலனில்லை.”

நான் பையைக் கட்டும்போது அவர் மரத்தடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

“சாகறதுன்னா அதோட ஆத்தா பக்கத்துலயே சாகட்டுங்க.”

மாடு ஓடி வந்து கன்றை மோந்து பார்த்தது. பிறகு வாலைத் தள்ளிவிட்டு அடியில் நக்கத் தொடங்கியது. நக்க நக்கக் கன்று முதுகை வளைத்தது. முக்கியது. நக்கிய இடத்தில் தோல் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து எழுந்தது.

பையைப் பிரித்த அவசரத்தில் பாதிச் சாமான் மண்ணில் விழுந்தது. “மாட்டை அப்படியே பிடிச்சுக்கம்மா, போக விட்டுடாதே!” என்று கத்தினேன். மரப்பு ஊசி போட்டு, புடைத்த இடத்தில் கீறினேன். கருத்த முதல் சாணம் பிசினாய் என் கைமேல் வழிந்தது. குடலின் வாயைப் பட்டு நூலால் தோலோடு சுற்றிலும் தைத்தேன். தைத்து முடிக்கும்வரை மாட்டின் கொம்பு என் தோளில் உரசிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அழுதார்.

ஐந்து நாள் இருந்து தையலைப் பார்த்தேன். கன்று துள்ளத் தொடங்கியபின் மலையிறங்கினேன்.

அடிவாரத்தில், நான் கைவிட்ட மூன்று கன்றுகளில் ஒன்றின் சொந்தக்காரர் வழியில் பார்த்துவிட்டு, வற்புறுத்தி மோர் கொடுத்தார்.

“அன்னைக்கு மறைக்காம முடியாதுன்னு சொல்லிப்போட்டீங்க. கன்னைக் கூறு போடாம விட்டீங்களே, உங்களுக்குப் புண்ணியமுங்க.”

அவர் வீட்டிலும் தாய் மாட்டைத் தள்ளிக் கட்டச் சொன்னவன் நான்தான். மூன்று வீட்டிலும் அப்படித்தான். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மோரைக் குடித்துவிட்டு, “வாரேனுங்க” என்று சொல்லி நடந்தேன்.