நைனாவின் இடது முழங்கை

மலைப்பாதையில் வண்டி ஏறும்போது காது அடைத்துக்கொள்ளுமே, யாரோ பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திணிப்பது போன்ற அந்த மந்தத்தை நான் முதன்முதலில் அறிந்தது பத்து வயதில், அம்பத்தூரிலிருந்து வேன் பிடித்துக் கொடைக்கானலுக்குப் போன கோடையில்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், ஒரே கம்பெனியில் வேலை செய்தவர்களின் ஆறு குடும்பங்களும் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, "இன்னா சொன்ன?", "இன்னாது, கேக்கல!" என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்திச் சிரித்தார்கள். எச்சிலை முழுங்கினால் காது திறக்கும் என்று யாரோ சொல்ல, பெரியவர்கள்கூட முழுங்கி முழுங்கிப் பார்த்தார்கள். என் நைனா மட்டும் முழுங்கவில்லை. அவரும் சிரிக்கத்தான் செய்தார், ஆனால் மற்றவர்கள் சிரித்து ஓய்கிற நேரத்தில் ஆரம்பித்தார். அதைக் கவனித்துக்கொண்டு வருவது என் வேலையாக இருந்தது.

வேலை என்று சும்மா சொல்லவில்லை. நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டை வைத்துவிட்டு மிதியை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி 'தடாங்' என்று வெட்டும், காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தத் தடாங்தான். அந்தக் கூடத்தில் யாரும் வாயால் பேச மாட்டார்கள். பெருவிரலை உதட்டருகே சாய்த்தால் டீ, உச்சந்தலையைத் தட்டினால் முதலாளி வருகிறார், உள்ளங்கையைக் கவிழ்த்தால் மிஷினை நிறுத்து. இந்தக் 'கைபாஷை' எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து, விரலை மடக்கினால் ரசம், நீட்டினால் மோர் என்று ஆகியிருந்தது. நான் அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நைனாவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்பதை, மலைக்குப் போவதற்கு முந்தின வாரம், துணி துவைக்கிற கல்லின் மேல் என்னை உட்கார வைத்து அம்மாதான் சொன்னாள்.

சூப்பர்வைசர் ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் நைனா திரும்புவதில்லை என்று இரண்டு முறை அவர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். 'நிறுத்து' என்று ஒருவன் கத்தினால் காதில் விழாத ஆளை எந்தக் கம்பெனியிலும் பிரஸ்ஸில் நிற்க விட மாட்டார்கள். கூட்டிப் பெருக்கப் போடுவார்கள், இல்லையென்றால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். அந்த ஏகாம்பரமும் குடும்பத்தோடு அதே வேனில் வரப்போகிறார்.

"நம்ம வரலன்னா, ஏன் வரலன்னு ஒண்ணுக்கு ரெண்டா கேப்பாங்க. நீ நைனாவுக்கு லெப்டு பக்கமே ஒட்டிக்கினு இரு. பின்னாடி யாருனா கூப்ட்டா முழங்கையத் தொடு, அவரு திரும்பிப்பாரு. அவ்ளோதான். போனமா வந்தமான்னு இருக்கணும், புரியுதா?" என்றாள் அம்மா. எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் போயிருக்கலாம் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

கொடைக்கானலில் ஒரு பிள்ளைக்கு எத்தனை இருக்கிறது! ஏரியைச் சுற்றிக் குதிரை, வாடகைச் சைக்கிள், சறுக்கி விளையாட ஈரப்புல் மேடு. பட்டப்பகலில் 'மங்கி குல்லா' போட்டுக்கொண்டு, இரவல் ஸ்வெட்டர்களில் பாதி கை உள்ளேயும் பாதி வெளியேயுமாக, எங்கள் வேன் பிள்ளைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினார்கள். நான் மட்டும் நைனாவின் இடது முழங்கையோடு நின்றேன். "குதிரைக்குப் பயமா பாப்பா?" என்று ஏகாம்பரம் கேட்டபோது "ஆமா" என்று சொல்லிவிட்டு, பின்கையால் நைனாவைத் தொட்டேன். நைனா திரும்பி, என்ன கேட்டார்கள் என்று தெரியாமலே பல்லைக் காட்டினார். எனக்கு அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலுக்காக அன்றைக்கே வெட்கப்பட்டேன், இன்றைக்கும் படுகிறேன்.

ஒரே ஒரு அரைமணி நேரம் விடுதலை கிடைத்தது. மிதிபடகில் நானும் நைனாவும் மட்டும் ஏரி நடுவுக்குப் போய்விட்டோம். கரை தூரமாகி, எங்களுக்குப் பின்னால் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டு நைனா காலை நீட்டிக்கொண்டார். "இங்க நல்லா கீதுல்ல? பின்னாடி ஒருத்தனும் இல்ல" என்றார். வருஷக்கணக்காக அந்த மனிதர் முதுகில் பயத்தைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார் என்பது அந்த ஒரு பேச்சில் எனக்குத் தெரிந்துவிட்டது. ரசம், மோர் என்ற விளையாட்டெல்லாம் மறந்துபோய் நான் அழுதேன். குளிரில் கண் கலங்குகிறது என்று அவர் நினைத்துக்கொண்டு தன் மப்ளரை எடுத்து என் காதைச் சுற்றிக் கட்டினார்.

மறுநாள் பைன் மரக்காட்டு வழியாக ஒரு பாறை முனைக்கு நடந்து போனோம். கூட வந்த உள்ளூர் ஆள் புறப்படும்போதே சொல்லிவிட்டார்: "மஞ்சு எறங்குச்சுன்னா கண்ணு தெரியாது. ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே நடங்க. பள்ளத்துப் பக்கம் மட்டும் போயிராதீக." எங்கள் பிரஸ்காரர்கள் யாரைக் கூப்பிட்டார்கள்? கூடத்துப் பழக்கம் விடவில்லை. வேர் தடுக்கினால் கையை ஆட்டினார்கள், பாதை திரும்பினால் கையைக் காட்டினார்கள். பெண்கள் முன்னே, ஆண்கள் பின்னே, ஏகாம்பரத்துக்கு அடுத்துக் கடைசியாக நைனா. பாதை ஒற்றையடியாகக் குறுகியதும் நைனா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் போகச் சொல்லிச் சைகை காட்டினார். முழங்கையிலிருந்து கை எடுத்தது அங்கேதான்.

பைன் காய்கள் செதில் செதிலாக, செதுக்கி வைத்தது போலக் கிடந்தன. இரண்டு நாளில் எனக்கென்று நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று பொறுக்கினேன், கொஞ்சம் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே அதைவிடப் பெரிதாக ஒன்று. நிமிர்ந்தபோது உலகமே வெள்ளையாகிவிட்டிருந்தது. நைனாவின் சிவப்புக் குல்லா மட்டும் ஏழெட்டு அடி தள்ளி மங்கலாக ஆடிக்கொண்டு போனது.

"நைனா!" என்றேன். குல்லா போய்க்கொண்டே இருந்தது. இன்னும் உரக்க, "நைனா!" என்றேன். அதற்குள் குல்லாவும் இல்லை. மூன்றாவது முறை வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். நான் கத்தக் கத்த அவர் திரும்பாமல் நடப்பது முன்னால் போகிற ஏகாம்பரத்துக்குத் தெரிந்துபோகுமே! வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களே! கைக்கு எட்டிய ஒரு வேரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். என் கால் மாட்டிலிருந்து தரை சரிந்து எங்கேயோ போனது.

கொஞ்ச நேரத்தில் நைனா கையைப் பின்னால் நீட்டித் துழாவியிருக்க வேண்டும். "செல்வீ! செல்வீ!" என்று அவருடைய குரல்தான் முதலில் வந்தது. பிறகு அம்மா, பிறகு எல்லோரும். நான் பதில் குரல் கொடுத்தால் மற்றவர்களுக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காது. நான் பதில் சொன்ன பிறகும் அவர் மட்டும் கத்திக்கொண்டே இருப்பார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் குரல் உடைந்து அழுகையாக மாறுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

உள்ளூர் ஆள்தான் என்னைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஏகாம்பரத்தின் மனைவி, "வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க. ஒரு கொரல் குடுக்கக் கூடாதாடி?" என்றார். ஏகாம்பரம் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நைனான்னு ஏதோ கொரலு கேட்டாப்புல இருந்துதே. நீ கூப்ட்டியா பாப்பா?"

நைனா எங்கள் இரண்டு பேருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்ல. நான் கூப்பிடவே இல்ல."

அம்மா பளீரென்று என் கன்னத்தில் அறைந்தாள். "வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கத்தினாள். ஏகாம்பரம் எழுந்து அவள் கையைத் தடுத்து, "உடும்மா, புள்ள பயத்துல வாயடைச்சிப் போய் கீது" என்றார். அந்த அறை கோபத்தில் விழுந்ததா, ஏகாம்பரம் பார்க்க விழுந்ததா என்று அம்மா கடைசி வரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏரிக்கரையில் நைனா என்னைத் தனியாக அழைத்து, விரலை வாயருகே வைத்து எடுத்துக் கைபாஷையில் கேட்டார்: கூப்பிட்டாயா? நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். அவருடைய தோள்கள் இறங்கி, மூச்சு வந்தது.

வேலை தப்பித்தது. கம்பெனியை மூடும் வரை, இன்னும் பல வருஷம், அதே பிரஸ்ஸில் நின்றார். மிச்சமிருந்த காதும் அங்கேயே போயிற்று. நான் படித்து வேலைக்குப் போனபின் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பு செத்துவிட்டது, கொஞ்சம் முன்னால் அந்தச் சத்தத்தை விட்டு வெளியே வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் கூட்டிப் பெருக்கியாவது காதோடு இருந்திருப்பாரோ? இல்லை, நாங்கள் நடுத்தெருவில் நின்றிருப்போமோ? ஒரு நாள் ஒரு மாதிரித் தோன்றுகிறது, மறுநாள் வேறு மாதிரி.

பிரஸ் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம், வாசலில் செக்யூரிட்டி, உள்ளே சத்தமே இல்லாத வேலை. அந்த வேனில் வந்த ஆண்களில் நைனா ஒருவர்தான் மிச்சம். கைபாஷை பேச அவருக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. போன மே மாதம் முகப்பேரிலிருந்து காரில் அவரையும் என் மகளையும் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனேன். பைன் காட்டுப் பாதைக்குக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். வழி நெடுகச் சோளக் கடை. குதிரைமேலிருந்து என் மகள் "தாத்தா! தாத்தா!" என்று கூவினாள். பக்கத்தில் நின்றவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையைத் தொட்டேன், திரும்பிக் கையசைத்தார்.

பிறகு பெஞ்சில் சோளம் தின்றுகொண்டே என் மகள் கேட்டாள்: "ஏம்மா, நீ இங்கதான் தொலைஞ்சு போனியாமே? ஒரு தடவ கூப்பிட்டிருந்தாகூட எனக்குக் கேட்டிருக்கும்னு தாத்தா எப்பவும் சொல்றாரே, ஏன் கூப்பிடல?"

நைனா தின்பதை நிறுத்திவிட்டு என் உதட்டையே பார்த்தார்.

"பயத்துல வாயே வரலடி" என்று, அவர் படிக்க வசதியாக, மெதுவாக உதட்டை அசைத்துச் சொன்னேன்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார் நைனா பேத்தியிடம், பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்க.