செல்வத்தின் பதினோராவது ஆட்டக்காரன்

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிழவன் எழுதப் பழகி மூன்று மாதம்தான். ஆனாலும் இது முழுக்க என் கையெழுத்து!

சுவிஸில் இந்த ஆராவ் அகதி விடுதியில் நாங்கள் கடதாசியில் ஆளுக்கொரு கிரிக்கெட் அணி எழுதி, வானொலி சொல்லும் ஓட்டங்களைப் புள்ளியாக்கி விளையாடுகிறோம். அந்த நேரம்தான் எல்லாரும் சிரிப்பது. செல்வம் மட்டும் எப்போதும் கடைசி.

இன்று அவன் பட்டியலை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"ஆரடா இந்தத் தயாபரன்? ரேடியோவிலை கேட்டதேயில்லை. வெட்டிப்போட்டு வேறை ஆளைப் போடு, வெல்லுவாய்."

"அப்பு, அவன் என்ரை தம்பி. ஊரிலை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டுபோய் ஒரு வருசம், ஒரு தகவலுமில்லை. என்ரை கையாலை எப்பிடி வெட்டுறது?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

தயாபரனுக்கு நேரே இடத்தை வெறுமையாக விட்டேன். அடுத்த கிழமையும் நான்தான் புள்ளி எழுதி இந்தச் சுவரில் ஒட்டுவேன். அதற்குள் அந்த இடத்தில் என்ன போடலாமென்று இந்தக் கடதாசியின் கீழே எழுதுங்கள்.

பூச்சியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை எழுத நான் இன்னும் பழகவில்லை.