நகத்தில் ஏறிய நீலம்

இரத்மலானைச் சாயப்பட்டறையில் றேமண்டின் வேலை, கழிவுநீர்த் தொட்டியில் களிமண் தூளைப் போட்டுக் கலக்குவது. களிமண் சாயத்தைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். தெளிந்த நீரைத் திறந்துவிட்டு, சேற்றைக் கையால் வழிப்பார். அன்றைய நிறம் நகங்களில் ஏறிவிடும்.

“இண்டைக்குச் சிவப்போ?” கொச்சிக்கடை வீட்டுக் கதவைத் திறக்கும்போதே மனைவி ஜசிந்தா கேட்பாள். இருபது வருடம் அவர்களின் பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

ஜசிந்தா கண்மூடிய மாதம்தான் பட்டறையில் கையுறை கொடுத்தார்கள். கொடுக்கிற நேரத்தைப் பாருங்கள். அதன்பிறகு கை சுத்தம், வீடு ஊமை.

நேற்று றேமண்ட் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, நீலச் சேற்றை வெறுங்கையால் வழித்தார். பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்படி மேல்கம்பியைப் பிடித்து நின்றார். இறங்கும்வரை ஒருவரும் “இண்டைக்கு நீலமோ?” என்று கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர் மட்டும் தன் வெள்ளைச் சட்டையை ஒதுக்கிக்கொண்டார்.